தூசியில் ஒளிந்த நாகம்

சென்ற கோடை விடுமுறையில் யாம் வத்தலக்குண்டில் எம் பெரிய தந்தையாரின் பழைய இரும்புக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பினர்க்கு அங்கென்ன வேலை என்று நகைப்பார் நகைக்க. ஒருநாள் துத்தநாகம் பூசிய வாளிகளும் கூரைத் தகடுகளும் லாரியில் ஏறுகையில் அவர், "தம்பி, இரும்பு உலையில் உருகிவிடும், மேலே பூசிய நாகம் எங்கே போகும்?" என்று வினவினார். நாகம் என்னும் சொற்குப் பாம்பு, யானை, மலை எனப் பல பொருள் அறிந்திருந்த யாம் விழித்தோம். அருகில் நின்ற எம் அண்ணார் இருமிக்கொண்டே, "என் நெஞ்சுக்குள்ளே போகும்" என்றார். வெளியூரில் ஓர் உருக்கு உலையில் மூன்றாண்டு, புகையை வடிகட்டும் பைகளை உதறித் தூசியைச் சாக்கில் அள்ளி வந்தவர் அவர். மூக்கை மூட அவருக்குக் கிடைத்தது ஒரு துண்டுத் துணியே.

அச்சொல் எம்மை நூலகத்துக்குத் துரத்திற்று. இரும்பு உருக 1538 பாகை வெப்பம் வேண்டும். துத்தநாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகும். ஆகவே மின் உலையில் இரும்பு உருகுமுன்னரே அது மேலெழுந்து, காற்றோடு கூடி நுண்பொடியாகிறது. ஒரு டன் உருக்கிற்கு ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ தூசி சேரும். ஈயமும் காட்மியமும் அதில் உண்டு. வெறுநிலத்திற் கொட்டின் நீர் கெடும். சேலத்திற் செய்வது போன்ற துருப்பிடியா உருக்காயின், குரோமியமும் நிக்கலும் தூசியோடு போகும்.

நம் பக்கத்துப் பொற்கொல்லர் தெருக்களில் அரிப்புக்காரர் சாக்கடை மண்ணை அலசிப் பொற்றுகள் எடுப்பர். சிறுவயதில் அவர் சட்டியருகே குனிந்து நின்றதுண்டு. இங்கு அலசுவது நீரன்று, நெருப்பு. தூசியைக் கரியோடு கலந்து, சற்றே சாய்ந்து சுழலும் நீண்ட சூளையில் 1000 பாகைக்கு மேற் காய்ச்சுவர். கரி உயிர்வளியைப் பறித்துக்கொள்ள, நாகம் மீண்டும் ஆவியாகிப் பறந்து, காற்றுப் பட்டு வேறு பைகளிற் பொடியாய்ப் படியும். அதிலிருந்து உலோகத்தைப் பிரிப்பர். இராஜஸ்தானத்துச் சாவரில் பல நூற்றாண்டுகட்கு முன்னரே மண்குடுவைகளில் நாகத்தை ஆவியாக்கிக் கீழ்நோக்கி வடித்தனர் என்பதைப் படித்தபோது யாம் அடைந்த களிப்புப் பெரிது.

இவற்றையெல்லாம் கடையில் விரித்துரைத்தோம். பெரிய தந்தையார் மகிழ்ந்தார். அண்ணார் மட்டும், "அந்தப் பையை யார் உதறுவார்?" என்றார். காற்றழுத்தத்தால் உதறும் அமைப்பு உண்டென்றும், பொடி மூடிய குழாய் வழியே இறங்குமென்றும் சொன்னோம்.

"குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே இறங்குவது யாரப்பா?"

யாம் கணக்கேட்டைப் புரட்டினோம். வெளியே அடுத்த லாரி வந்து நின்றது.