28 என்றார்கள், எங்களுக்கு ஓடியது 21



பதினெட்டு வளைவில் நின்று எடுத்த படத்தைப் போன கிழமை போட்டதிலிருந்து இன்பொக்ஸில் ஒரே கேள்விதான். "சேர், எத்தனை ஓடுது?" "டீச்சர், மலை ஏறுமா?" ஸ்டாப் ரூமிலும் அதே கேள்வி. பள்ளிவாசல் வாசலிலும் அதே கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்ல முடியவில்லை, ஒரேயடியாக எழுதிவிடுகிறோம். நீளம்தான். வாகனம் எடுக்க யோசிப்பவர்கள் கடைசிவரை வாசியுங்கள்.

முதலில் ஒன்று. அது எங்கள் வாகனமில்லை. வாழ்த்துச் சொன்ன அத்தனை பேரும் மன்னிக்க வேண்டும். கட்டாரில் இருக்கும் தம்பி அவனது குடும்பத்துக்காக எடுத்தது. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்ததும் நம்மூரில் பலருக்கு வந்த ஆசை அவனுக்கும் வந்தது. எடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. உம்மாவைக் கண்டிக்குக் கூட்டிப்போகிறோம் என்று கேட்டவுடன், "எங்கட ஆல்டோவில உம்மாவ அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகாதீங்க, இத எடுங்க" என்று வொய்ஸ் அனுப்பினான். கூடவே, "லீட்டருக்கு இருபத்தெட்டு ஓடும்" என்றும் சொன்னான்.

வாகனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் கமிஷன் எவ்வளவு என்று கேட்பீர்கள். ஜப்பான் தயாரிப்பு, நாலு மீற்றருக்குள் அடங்கும் சின்ன எஸ்யூவி, 1.2 லீட்டர் ஹைபிரிட். பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கண்டிப் பயணம் எங்களுக்கு உலாத்தல் இல்லை. உம்மாவுக்குக் கண்ணில் பிரஷர். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அங்கே கிளினிக். 2022 ஜூலை முதல் வாரத்திலும் ஒரு திகதி இருந்தது. அந்த நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். ஜூன் 28ஆம் திகதியிலிருந்து அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் பெற்றோல். ஆல்டோவில் இரண்டு லீட்டர்கூட இல்லை. மூன்று நாள் வரிசையில் நின்றும் கிடைக்கவில்லை. கிடைத்த பஸ்ஸிலோ கால் வைக்க இடமில்லை. கண்ணுக்கு விடும் மருந்தும் அப்போது பாமசிகளில் இல்லை. பிறகு கியூஆர் வந்து, கிழமைக்கு 20 லீட்டர் என்று கிடைக்கத் தொடங்கி, வேறு திகதி எடுத்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒக்டோபர். வலது கண்ணில் பார்வையின் பெரும்பகுதி போயிருந்தது. அந்த நோயில் போன பார்வை திரும்பாது, இருப்பதைத்தான் காப்பாற்றலாம் என்றார் டொக்டர். உம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வரும்போது பின் சீற்றில் இருந்து, "பெற்றோல் இல்லாட்டி நீங்க என்ன செய்ற?" என்று மட்டும் கேட்டா.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் "எத்தனை ஓடுது" என்பது சும்மா கதையில்லை. ஆல்டோவின் டாஷ்போர்ட் பெட்டியில் ஒரு சீஆர் கொப்பி கிடக்கும். அடிக்கிற ஒவ்வொரு லீட்டரும் அதில் இருக்கும். வீட்டில் இரண்டு பேரும் ஆசிரியர்கள், அதில் ஒருவர் கணிதம். வேறு என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

இந்தப் பயணத்துக்கும் அந்தக் கொப்பியையே எடுத்துக்கொண்டோம். காற்றை, டயர் ஓரத்துக் கதவில் ஒட்டியிருக்கும் அளவுக்குச் சரிபார்த்தோம். சம்மாந்துறையில் பம்ப் தானாக நிற்கும்வரை அடித்து, மீற்றரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தோம். ஏறியது ஐந்து பேர். நாங்கள் இருவர், உம்மா, இரண்டு பிள்ளைகள். டிக்கியில் உடுப்புப் பேக் மூன்று, அக்குறணையில் தங்கப்போகும் சொந்தக்காரர் வீட்டுக்கு ஒரு மூட்டை நாட்டரிசி, தயிர்ச் சட்டி நாலு. ஆல்டோ என்றால் தயிர்ச் சட்டி பிள்ளைகளின் மடியில்தான் போகும்.

சுபஹுக்குப் பிறகு கிளம்பினோம். அம்பாறை, உஹன, மஹாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை. இந்தப் பாதை இப்போது காப்பெட். உஹன தாண்டி யானை பார்த்துத்தான் போக வேண்டும், அதனால் அறுபதுக்கு மேல் போகவில்லை. இந்த ரக ஹைபிரிட்டில் எஞ்சின் சக்கரத்தைச் சுற்றுவதே இல்லை. எஞ்சினின் வேலை கரண்ட் உண்டாக்குவது மட்டும், சக்கரத்தை ஓட்டுவது மோட்டார். வீட்டு ஜெனரேட்டரைக் காருக்குள் வைத்த மாதிரி என்று பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தினோம். எஞ்சின் ஓடுவதும் நிற்பதும் அதன் இஷ்டம். சமதரையில் அடிக்கடி நின்றுவிடும். அப்போது உள்ளே டயர்ச் சத்தம் மட்டும்தான். மஹாஓயா வரும்போது திரையில் 25.4 காட்டியது. தம்பிக்குப் படம் எடுத்து அனுப்பினோம். "சொன்னேனே" என்று பதில் வந்தது.

மகியங்கனையில் மகாவலிப் பாலத்துக்கு இப்பால் நிறுத்தித் தேத்தண்ணி குடித்தோம். உம்மா குடிக்கவில்லை. ஒரு தேசிக்காயும் சொப்பிங் பேக்கும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டா. அவவுக்குத் தெரியும், ஹசலகைக்குப் பிறகு என்ன இருக்கிறதென்று.

ஆல்டோவில் பதினெட்டு வளைவு ஏறுவது ஒரு சடங்கு. அடிவாரத்தில் ஏசியை நிறுத்த வேண்டும், கண்ணாடிகளை இறக்க வேண்டும், முதல் கியரில் முக்கிக்கொண்டே போக வேண்டும். பின்னால் பஸ்காரன் ஹோன் அடிப்பான். வளைவில் வேகம் குறைந்தால் திரும்ப எடுக்காது என்ற பயத்தில் சற்று வேகமாகத் திருப்புவோம், உள்ளே எல்லோரும் ஒரு பக்கம் சாய்வோம். நாலாவது வளைவில் உம்மா தேசிக்காயை மூக்கில் வைப்பா. ஏழாவதில் நிறுத்தச் சொல்லுவா.

இதில் ஏசி ஓடியபடியே ஏறினோம். மிதித்தால் உடனே இழுக்கிறது, கியர் தேடுவது கிடையாது. அதனால் வளைவுக்குள் மெதுவாகவே நுழையலாம். எங்கள் அறிவுக்கு எட்டியவரை "ஹேண்ட்லிங்" என்பதன் முழு இரகசியமும் அதுதான். வாகனம் ஆல்டோவைவிட உயரம். வேகமாகத் திருப்பினால் இதுவும் சாயும். ஆனால் வேகமாகத் திருப்பத் தேவையே வரவில்லை. ஸ்டேரிங் லேசு. கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து லொறி ஒன்று முழுப் பாதையையும் எடுத்துக்கொண்டு இறங்கியது. ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, பின்னுக்கு உருளாமல் திரும்ப எடுத்தோம். ஆல்டோவில் அந்த இடத்தில் கலிமா சொல்லியிருப்போம்.

குறையும் சொல்ல வேண்டும். ஏற்றத்தில் எஞ்சின் விடாமல் கத்துகிறது. வாகனம் மெல்லப் போகிறது, எஞ்சின் மட்டும் ஓடித் தப்புகிற மாதிரி. சின்னவள் காதைப் பொத்திக்கொண்டாள். திரையில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. 25, 23, 21, 19.

மேலே காட்சி பார்க்கும் இடத்தில் நிறுத்தினோம். அங்கே எடுத்ததுதான் நீங்கள் பார்த்த படம். உம்மா இடது கண்ணால் கீழே பார்த்துக்கொண்டு நின்றா.

"வளைவு எல்லாம் எப்ப வரும் மகள்?"

"முடிஞ்சி உம்மா. ஏறி வந்திட்டம்."

அவ மடியிலிருந்த தேசிக்காயை எடுத்துப் பார்த்தா. நகம் படவில்லை.

இதோடு முடிந்திருந்தால் இது விளம்பரம் மாதிரி ஆகியிருக்கும். உம்மாவுக்குத் தலை சுற்றியது மலையில் இல்லை, திகனைக்குப் பிறகு கண்டி ட்ரபிக்கில். இந்த வாகனத்தில் காலை எடுத்தவுடன் தானாகவே வேகம் குறையும் ஒரு முறை இருக்கிறது. அப்போது மோட்டார் கரண்ட் உண்டாக்கிப் பற்றரிக்கு அனுப்பும், பிரேக் மிதிக்கும் வேலை குறையும். நல்ல விஷயம்தான். ஆனால் பழகாத கால் மிதித்து எடுத்து மிதித்து எடுத்து ஓட்டினால், பின்னால் இருப்பவருக்குத் தொட்டில் ஆட்டுகிற மாதிரி. "மகன், கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்றா. நிறுத்தி, அந்தப் பட்டனை அணைத்துவிட்டு ஓட்டினோம். புதிதாக எடுப்பவர்கள் வயதானவர்களை ஏற்றுவதற்கு முன் ஒரு கிழமை தனியாக ஓட்டிக் காலைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் கிளினிக். அதைப்பற்றி அதிகம் எழுதவில்லை. இடது கண்ணில் பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். மருந்து அதேதான்.

திரும்பும்போது பதினெட்டு வளைவில் இறங்கினோம். பாதியில் பற்றரி நிறைந்துவிட்டது. அதற்கு மேல் சேமிக்க இடமில்லாததால் எஞ்சின் உறுமத் தொடங்கியது. பழுதென்று பயந்து கரையில் நிறுத்தித் தம்பிக்கு அழைத்தோம். இறக்கத்தில் அப்படித்தான் என்றான். சின்னப் பற்றரிதானே. மலையில் இறங்கும்போது கிடைக்கிற எல்லாவற்றையும் அது பிடித்து வைத்துக்கொள்ளாது.

சம்மாந்துறைக்கு வந்து அதே பம்பில், அதே மாதிரி தானாக நிற்கும்வரை அடித்தோம். 436 கிலோமீற்றர், 20.6 லீட்டர். பிரித்துப் பாருங்கள், 21.2 வரும். திரை 22.3 என்று காட்டிக்கொண்டிருந்தது. திரையை நம்பாதீர்கள், பம்பை நம்புங்கள்.

28 பொய்யா? பொய்யில்லை. அது ஜப்பானில் டபிள்யூஎல்டிசி என்ற முறையில் அளந்தது. ஆய்வுகூடத்தில் உருளைகளின் மேல் ஓடவிட்டு, நகரம், புறநகர், அதிவேகப் பாதை என்று மூன்றாகப் பிரித்து அளப்பார்கள். அங்கே ஏசி ஓடாது. ஐந்து பேரும் நாலு தயிர்ச் சட்டியும் ஏறாது. ஹசலகை மலையும் கிடையாது. நம் பாதையில் 21 என்பது நல்ல எண்தான். இதே பாதையில் இதே சுமையோடு ஆல்டோவுக்குக் கொப்பியில் இருப்பது 14.

இனி எழுதக் கூச்சமான பகுதி. போவதற்கு முன்பே நாங்கள் யாருக்கும் சொல்லாமல் இதே மாதிரி ஒன்றுக்கு லீசிங் விலை கேட்டிருந்தோம். ஆல்டோவை விற்றாலும் இன்னும் எண்பது லட்சம் தேவை. அதற்கான மாதத் தவணை எங்களில் ஒருவரின் சம்பளத்தை முழுதாக விழுங்கும். வீட்டுக்கு வந்த இரவு, உம்மாவுக்கு எப்படித்தான் விளங்கியதோ, "அந்த வயலக் குடுத்துப்போட்டு எடுங்களன். எனக்கு இனி என்னத்துக்கு வயல்" என்றா. வாப்பா வைத்துவிட்டுப் போன வயல் அது. வீட்டுச் சோறு அதிலிருந்துதான் வருகிறது. அக்குறணைக்குக் கொண்டுபோன அரிசியும் அதுதான்.

அன்றிரவு கொப்பியை விரித்தோம். ஆல்டோவில் போயிருந்தால் 31.1 லீட்டர். மிச்சம் பிடித்தது 10.5 லீட்டர். லீட்டர் முந்நூறு ரூபாய் என்று வைத்தால் 3,150 ரூபாய். எண்பது லட்சத்தை அதனால் பிரித்தால் 2,540 பயணம். வருடத்துக்கு இரண்டு கிளினிக். 1,270 வருடம்.

எங்களில் கணிதம் படிப்பிக்காதவர் சிரித்துவிட்டார். படிப்பிக்கிறவருக்குச் சிரிப்பு வரவில்லை. நகம் படாத அந்தத் தேசிக்காய்க்குக் கொப்பியில் எந்தக் கொலத்தில் என்ன எண் போடுவது? அதற்கு விடை தெரியாமல் இரண்டு இரவு கிடந்தோம்.

பெற்றோல் மிச்சம் என்று சொல்லிக்கொண்டு இந்த வாகனம் எடுக்கப்போகிறவர்கள் தயவுசெய்து ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாளும் பொழுதும் நூறு கிலோமீற்றர் ஓடுபவருக்குக் கணக்கு வேறு மாதிரி வரலாம். வசதிக்காக எடுக்கிறோம் என்றால் அப்படியே சொல்லி எடுங்கள், அதில் ஒரு குற்றமும் இல்லை. கையில் காசிருந்தால் நாங்களும் எடுத்திருப்போம்.

வயலைக் கொடுப்பதில்லை என்று உம்மாவிடம் சொல்லிவிட்டோம். கோபமாகத்தான் இருக்கிறா. தம்பியின் வாகனத்தைக் கழுவி, டாங்கியை நிரப்பி, அவன் வீட்டில் விட்டாயிற்று. அடுத்த திகதிக்கும் தருவான். ஆனால் அவன் லீவில் வந்து நிற்கிற மாதமாகவும் அது இருக்கலாம். அதனால் வியாழக்கிழமை ஆல்டோவைக் கராஜில் விடுகிறோம். ஷொக் அப்சோபர் நாலும் மாற்றி, புஷ் எல்லாம் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். அடுத்த தடவை மகியங்கனையில் இரவு தங்கி, விடியற்காலையில் பஸ்காரன் வருவதற்கு முன் வளைவு ஏறுவதாகத் திட்டம். ஏழாவது வளைவைத் தாண்டுகிறோமா என்று எழுதுகிறோம்.