அடிச்சட்டத் துருவும் அச்சின் தளர்ச்சியும்

காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லப்படும் வீட்டுவண்டியாகிய டிராவல் டிரெய்லரில், துருவை அடிச்சட்டத்தின் நோயாகவும் அதிர்வைச் சஸ்பென்ஷனின் நோயாகவும் பிரித்து வைத்துப் பழுதுபார்ப்பது அமெரிக்கப் பட்டறைகளில் பரவலான வழக்கம் என்றாலும், வண்டிக்கு அடியில் படுத்தே கைபழகியவர்கள் இவ்விரண்டையும் ஒன்றையொன்று வளர்க்கும் ஒரே நோயாகவே கருதுவர். இதற்குத் தெளிவான சான்று, வாலி பையம் என்பவர் தொடங்கிய, 1936இல் ‘கிளிப்பர்’ என்னும் அலுமினிய வண்டியால் பெயர்பெற்ற ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் வண்டிகளாகும். இவற்றின் உடல், அலுமினிய விலாச்சட்டங்களின்மேல் ரிவெட் அடித்துப் பொருத்திய அலுமினியத் தகடு. அது அமர்ந்திருப்பதோ இரும்புச் சட்டத்தின்மீது. துருப்பிடிக்காத உலோகத்தைத் துருப்பிடிக்கும் உலோகம் தாங்கி நிற்கும் இந்த அமைப்பில், வெளியே தெரியும் பளபளப்பு உள்ளிருக்கும் நிலையைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

இரும்புச் சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீண்டு தரையைத் தாங்கும் கைகள் ‘அவுட்ரிகர்’ எனப்படும். அவற்றுக்குக் கீழே வண்டியின் வயிறுபோல மூடிக்கிடக்கும் தகடு அடித்தகடு. அடித்தகட்டுக்கும் மேலே உள்ள பிளைவுட் தரைக்கும் இடையில் குளிர்காப்புக்காகக் கண்ணாடிப் பஞ்சு அடைக்கப்பட்டிருக்கிறது. கூரையின் இணைப்பிலோ சன்னல் ரப்பரிலோ பின்விளக்கின் துளையிலோ புகும் மழைநீர், சுவரின் உட்புறமாக இறங்கிப் பிளைவுட்டின் விளிம்பை நனைத்து இந்தப் பஞ்சில் சேர்ந்துவிட்டால், பஞ்சு அதனை வாரக்கணக்கில் இரும்பின்மேல் ஒத்தடம் வைத்துக்கொண்டிருக்கும். ஈரத்தின் வழியே அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொள்ளும் இடங்களில் சிறு மின்கலம் ஒன்று உருவாகி, அலுமினியம் வெண்பொடியாக உதிர்வதும் ரிவெட் துளைகள் அகல்வதும் நிகழ்கின்றன. துரு தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கொள்ளும் ஆதலால், இரு தகடுகளுக்கு இடையில் தோன்றிய துரு ஆப்பைப்போல் அவற்றைப் பிளந்து, நீர் புகுவதற்கு மேலும் வழி செய்கிறது. ஆகவே துருத்தடுப்பின் முதல் வேலை அடியில் கறுப்பு வண்ணம் பூசுவதில் இல்லை. ஆண்டுதோறும் கூரையில் ஏறி இணைப்புகளின் சீலன்ட்டைச் சோதித்து, வெடித்த இடங்களைச் சுரண்டிப் புதிதாக இடுவதில் இருக்கிறது. வண்ணத்துக்குச் செலவிடும் பொழுதில் பாதியையேனும் இதற்கு ஒதுக்குவோர் மிகச் சிலரே.

ஒஹையோ, மிச்சிகன் போன்ற வட மாநிலங்களில் பனியை உருக்கச் சாலையில் தூவப்படும் உப்பு இன்னொரு தொல்லை. சாதாரணக் கல்லுப்போடு சேர்த்துத் தெளிக்கப்படும் கால்சியம் குளோரைடும் மெக்னீசியம் குளோரைடும் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்வன ஆகையால், மழையில்லாத நாளிலும் இரும்பின்மேல் உப்புநீர்ப் படலம் காயாமல் நிற்கும். கடுங்குளிரில் மெதுவாக நடக்கும் அரிப்பு, வெப்பம் ஏறியதும் விரைவுபெறும். எனவே குளிர்காலம் முடிந்து சாலையில் உப்புத் தூவுவது நின்றவுடன், அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் பொறுமையாகக் கழுவி உலரவிடுவதே ஏற்றது. உயர் அழுத்தக் குழாய் விரைவாக வேலை முடிக்கும் என்பது உண்மையே. ஆனால் அது சக்கரத்தின் பேரிங்குக்குள்ளும் தகட்டின் இடுக்குகளுக்குள்ளும் அழுக்குநீரைச் செலுத்திவிடக்கூடும்.

சஸ்பென்ஷனுக்கு வந்தால், ஏர்ஸ்ட்ரீம் 1960களின் தொடக்கத்திலிருந்து முறுக்கு அச்சைக் கையாண்டு வருகிறது. சதுரக் குழாய் ஒன்றினுள் மற்றொரு சதுரத் தண்டைச் செருகி, இடைவெளியின் மூலைகளில் ரப்பர்க் கயிறுகளை நெருக்கி அடைத்திருப்பர். சக்கரத்தைத் தாங்கும் கை மேலெழும்போது தண்டு திரும்பி ரப்பரை நசுக்குவதால் அதிர்ச்சி அடங்கும். இந்த ரப்பர் சில பத்தாண்டுகளில் இறுகி, நசுங்கிய நிலையிலேயே நின்றுவிடும் இயல்புடையது. ஓடாமல் ஒரே இடத்தில் நின்ற வண்டிகளும் இதற்கு விலக்கல்ல. சட்டத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்ட பிறகும் கை கீழ்நோக்கிச் சாயாவிட்டால், அச்சின் ஆயுள் முடிந்தது என்றே கொள்ளலாம். அச்சுக்குழாயிலேயே ஜாக்கி வைப்பது அதனை வளைத்து டயரை ஒருபுறமாகத் தேய்க்கும் என்பதால், அச்சு செய்வோர் அதனைத் தடுத்துள்ளனர்.

ரப்பர் இறுகிய வண்டியில் ஒவ்வொரு குழியின் அடியும் நேரே சட்டத்துக்கு ஏறுகிறது. அச்சுக்குப் பின்னால் தாங்கலின்றி நீண்டிருக்கும் வால்பகுதி துள்ள, அங்கே ரிவெட்டுகள் அறுந்து இணைப்பு வாய்திறக்க, அதன் வழியே நீர் இறங்கிப் பிளைவுட்டைச் செல்லரித்ததுபோல் ஆக்க, உடலைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள் பிடிமானம் இழக்கின்றன. உடலும் சட்டமும் சேர்ந்தே சுமை தாங்கும் வகையில் அமைந்த வண்டியில் இந்தப் பிணைப்பு விட்டுப்போனால், மெலிந்த இரும்பு மட்டும் தனியே வளைந்து மேலும் விரைவாக முறியும். சமனற்ற சக்கரமும் மிகையாகக் காற்றடைத்த டயரும் அளவுக்கு மீறிய பாரமும் இச்சுழற்சிக்குத் துணைபோவன. 150 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினாலே 150 கிலோ ஏறுகிறது என்பதைப் பலர் கணக்கில் கொள்வதில்லை.

பட்டை ஸ்பிரிங் கொண்ட மற்ற வண்டிகளில் தேய்வது ஷாக்கிள், அதாவது ஸ்பிரிங்கின் நுனியைத் தாங்கி ஊசலாடும் இணைப்புத்தகடு. அதிலுள்ள நைலான் புஷ் தேய்ந்ததும் போல்ட் நேரடியாக இரும்பை அறுத்துத் துளையை நீள்வட்டமாக்கும். நைலானுக்கு மாற்றாக வெண்கலப் புஷ்ஷும் கிரீஸ் செலுத்தும் துளையுடைய போல்ட்டும் இடுவது நல்ல செலவு. ஆனால் சக்கரத்தின் பாரத்தை நீக்கிய பின்னரே கிரீஸ் இட வேண்டும், இல்லையேல் அழுந்திய பக்கத்துக்கு அது எட்டாது.

வண்ணப்பூச்சு இவற்றுக்கெல்லாம் பின்னரே வருகிறது. உதிரும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் நீக்கி, எஞ்சியதைப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியால் அடக்கி, நன்கு உலர்ந்த பின் வண்ணம் ஏற்ற வேண்டும். வெறும் இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்த இடமாயின் துத்தநாகம் மிகுந்த பிரைமர் சிறந்தது. தடித்த தார்ப்பூச்சு பார்வைக்கு உறுதியாகத் தோன்றினும், ஓரம் பெயர்ந்ததும் உப்புநீரைத் தனக்குள் வைத்துப் பூட்டிக்கொள்வதால் தவிர்க்கத்தக்கது.

பழைய வண்டியை வாங்க முனைவோர், அலுமினியத்தின் மினுமினுப்பைப் பாராட்டுமுன் ஒருவரைப் பின்பம்பரில் ஏறி அழுத்தச் சொல்லி, உடல் அசையாமல் பம்பர் மட்டும் தாழ்கிறதா என்று கவனிக்க வேண்டும். தாழ்ந்தால், விலை பேசுவதற்கு முன் அடித்தகட்டைக் கழற்றிக் காட்டும்படி கேட்க வேண்டும்.