எரியும் தீவட்டி, எட்டாத கோப்பை

தெற்குக் கொல்கத்தாவின் சந்தைகளில் கால்பந்து முடிவைத் தெரிந்துகொள்ளப் பத்திரிகை தேவையில்லை, மீன் விலை போதும் என்பது பழைய வேடிக்கை. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் மறுநாள் காலை இலிஷ் மீன் விலை எகிறும். மோகன் பகான் ஜெயித்தால் இறால். முன்னது பத்மா நதிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் உயிர். பின்னது மேற்கு வங்கத்தின் பூர்வீகவாசிகளுக்கு விருந்து. இந்தக் கணக்குப்படி 2020 ஜனவரி முதல் 2023 பிப்ரவரி வரை இறால் வியாபாரிகளுக்குப் பொற்காலம். அந்த மூன்று ஆண்டுகளில் இரு அணிகளும் மோதிய எட்டு ஆட்டங்களிலும் ஈஸ்ட் பெங்காலுக்குத் தோல்வி. அதில் ஒன்று சேம்சைடு கோலில் வந்த தோல்வி.

ஆனாலும் டெர்பி நாள் வந்துவிட்டால் ஜாதவ்பூர், பாகா ஜதீன், நேதாஜி நகர், பிஜய்கர் பகுதிகளில் மதியத்திலேயே மேட்டடார் வண்டிகள் நிரம்பிவிடுகின்றன. சிவப்பும் மஞ்சளுமாகக் கொடிகள், டாக் மேளம், முகத்தில் சாயம் பூசிய பேரன், பக்கத்தில் பழைய மஃப்ளரில் தாத்தா. வண்டிகள் நகரைக் கடந்து கிழக்கே சால்ட் லேக் ஸ்டேடியத்தை நோக்கி ஊர்கின்றன. திரும்பி வரும்போது மேளம் ஒலிக்குமா என்பது வேறு விஷயம். பல ஆண்டுகளாக அது பெரும்பாலும் ஒலிக்கவில்லை.

இந்தப் பகுதிகளின் கதை தெரியாமல் இந்தக் கூட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது. பிரிவினைக்குப் பிறகு டாக்கா, பாரிசால், மைமன்சிங் பக்கங்களிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தபோது நகரின் தெற்கே சும்மா கிடந்த நிலங்களில் தாங்களாகவே குடிசை போட்டுக்கொண்டார்கள். பிஜய்கர் காலனி எழுந்தது, இரண்டாம் உலகப் போர் முடிந்து காலியாகக் கிடந்த ராணுவ முகாமில். பட்டா இல்லை, வேலை இல்லை, பேசும் வங்காளியையும் உள்ளூர்க்காரர்கள் கேலி செய்தார்கள். வந்தவர்களுக்குப் ‘பாங்கால்’ என்று பெயர். உள்ளூர்க்காரர்கள் ‘கோட்டி’. (இந்தச் சொல்லுக்குத் திருநெல்வேலியில் என்ன பொருள் என்பது ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களுக்குத் தெரிந்தால் மகிழ்ச்சியில் துள்ளுவார்கள்.) இரு தரப்பும் கலந்து கல்யாணம் செய்துகொண்டால் பிறக்கும் குழந்தை ‘பாட்டி’. எதை இழந்தாலும் பெயர் வைக்கும் குறும்பை வங்காளிகள் இழப்பதில்லை.

ஊரும் வீடும் போனவர்களுக்கு அப்போது கல்கத்தாவில் தங்கள் ஊரின் பெயரைத் தாங்கி நின்ற ஒன்றே ஒன்று, ஒரு கால்பந்துக் கிளப். பிரிவினைக்கு 27 ஆண்டுகள் முன்பே, 1920 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கப்பட்டது அது. தொடக்கமே ஒரு மனக்குறையில்தான். ஜோராபகான் என்ற அணி, மோகன் பகானுக்கு எதிரான ஆட்டம் ஒன்றில் கிழக்கு வங்காளத்து ஆட்டக்காரர் ஒருவரைச் சேர்க்காமல் விட்டது. கோபித்துக்கொண்டு வெளியேறினார் அதன் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி. அவரும் நண்பர்களும் தொடங்கியதுதான் ஈஸ்ட் பெங்கால். கிளப்பின் சின்னமான தீவட்டியும் புகாரில் பிறந்ததே. 1930இல் இரண்டாம் டிவிஷனில் முன்னணியில் இருந்த நேரத்தில், சட்டமறுப்புப் போராட்டக் கொந்தளிப்பில் லீக் பாதியில் நின்றுபோனது. மேல் டிவிஷனுக்குப் போகும் வாய்ப்பு பறிபோன ஆத்திரத்தில் ரசிகர்கள் தீவட்டி கொளுத்தி ஊர்வலம் போனார்கள். அந்தத் தீவட்டி இன்றும் சட்டையில் எரிகிறது.

இவ்வளவு வங்காளித்தனமான கிளப்புக்கு முதல் பொற்காலத்தைத் தந்தவர்கள் வங்காளிகள் அல்லர் என்பது ருசிகரமான விஷயம். 1949 முதல் 1953 வரை முன்வரிசையில் ஆடிய வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவருமே தென்னிந்தியர்கள். மைதானம் அவர்களைப் பஞ்ச பாண்டவர் என்று அழைத்தது. நாட்டை இழந்து நின்றவர்களுக்குப் பாண்டவர் என்ற பெயர் தோன்றியதில் வியப்பில்லை.

அந்தக் காலத்துக் கால்பந்து, நகரின் நடுவே ராணுவத்துக்குச் சொந்தமான பரந்த மைதானில் நடந்தது. கிளப்புகளுக்குக் கட்டடம் கிடையாது. அலுவலகத்தின் பெயர் இன்றும் ‘டென்ட்’. மர கேலரிகளில் இடம் கிடைக்காதவர்கள் அட்டையும் கண்ணாடியும் வைத்துச் செய்த பெரிஸ்கோப்பை விலைக்கு வாங்கி, முன்னால் நிற்பவரின் தலைக்கு மேலே ஆட்டத்தைப் பார்த்தார்கள். டென்ட் கேண்டீன்களின் சிக்கன் ஸ்டூவும் டோஸ்டும் தோல்வியின் கசப்பைத் தணிக்கக் கூடியவை என்று பெயர் பெற்றவை.

எழுபதுகளில் அந்த ஸ்டூவுக்கு அதிக வேலை இருக்கவில்லை. 1970 முதல் 1975 வரை தொடர்ந்து ஆறு முறை கல்கத்தா லீக் பட்டம் ஈஸ்ட் பெங்காலுக்கே. 1975 செப்டம்பர் 30 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் மோகன் பகானை 5-0 என்று நொறுக்கியது. தோற்ற அணியின் ஆட்டக்காரர்கள் சிலர் ரசிகர்களுக்குப் பயந்து கங்கையில் படகில் இரவைக் கழித்ததாகக் கதை. ஆனால் மோகன் பகான் ரசிகர் ஒருவர் அன்றே உயிரை விட்டார். அடுத்த பிறவியில் தன் அணிக்கு ஆடி இதற்குப் பழி தீர்ப்பேன் என்று எழுதி வைத்துவிட்டு. ஐந்தாண்டு கழித்து, 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் இரு அணிகளும் மோதியபோது கேலரியில் மூண்ட கலவரமும் நெரிசலும் 16 பேரைப் பலி கொண்டன. பக்தி என்று இதைக் கொண்டாடுபவர்கள் அந்த இரண்டு தேதிகளையும் மறப்பதில்லை. மறக்கவும் கூடாது.

சிரிப்பு அதற்குப் பிறகுதான் அவசியமானது போலும். 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்குச் சால்ட் லேக்கில் திரண்டவர்கள் 1 லட்சத்து 31 ஆயிரத்துக்கும் மேல். ஆட்டத்துக்கு முன் மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா எதிரணியினரின் பெயர்களை வைத்து விளையாடினார். பாய்ச்சுங் பூட்டியா ‘சுங் சுங்’ ஆனார்; சோசோ ‘ஷோஷா’, அதாவது வெள்ளரிக்காய்; ஒமோலோ ‘ஆம்லெட்’. பி.கே. பானர்ஜியின் ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. மூன்று கோல்கள் ‘சுங் சுங்’ போட்டவை. இன்று நாற்பது வயதைத் தாண்டிய எந்த ஈஸ்ட் பெங்கால் ரசிகரும் தோல்விக்குப் பிறகு எடுத்து மெல்லும் வெற்றிலை அந்த மாலைதான்.

2003இல் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பை, 2004இல் தேசிய லீக். அதோடு நின்றது. கல்கத்தா லீக்கை 2010 முதல் 2017 வரை தொடர்ந்து எட்டு முறை வென்றார்கள். ஆனால் தேசிய லீக் பட்டம் மட்டும் ஆண்கள் அணிக்குக் கிட்டாமலே இருபது ஆண்டுகள் ஓடின. 2020இல் ஐ.எஸ்.எல். போட்டியில் சேர்ந்த பிறகு முதல் ஐந்து பருவங்களில் பிடித்த இடங்கள்: 9, 11, 9, 9, 9. தொலைபேசி எண்ணோ என்று யாரும் சந்தேகப்படலாம். 2021-22இல் ஆடிய 20 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. நடுவே முதலீட்டாளர்கள் வந்தார்கள், ஒப்பந்தத்தில் சண்டை போட்டார்கள், போனார்கள். ரசிகர்கள் மட்டும் ஒப்பந்தம் ஏதுமில்லாததால் போக முடியவில்லை.

துர்கா பூஜை முடிந்து சிலையை ஆற்றில் கரைக்கும்போது வங்காளிகள் ஒரு முழக்கம் போடுவார்கள்: அடுத்த வருஷம் மறுபடியும் வரும். ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் இதைப் பருவம் முடியும் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொள்ளலாம். பூஜையாவது சொன்னபடி வந்துவிடுகிறது.

கேலியைத் திருப்பி ஏவும் கலை இவர்களுக்குக் கைவந்தது. மோகன் பகான் ரசிகர்கள் இவர்களை ‘லோட்டா’ என்பார்கள். கையில் ஒரு சொம்போடு முள்வேலி தாண்டி வந்தவர்கள் என்று அர்த்தம். (‘கோட்டி’ என்பதற்கும் வங்காளியில் சொம்பு என்றே பொருள். ஆக, சொம்பும் சொம்பும் நூறு வருஷமாக மோதிக்கொள்கின்றன.) முள்வேலி என்ற அந்த ஏளனம் திடீரென்று விளையாட்டாக இல்லாமல் போனது, குடியுரிமைச் சட்டத் திருத்தம் வந்தபோது. 2020 ஜனவரி 19 டெர்பியில் ஈஸ்ட் பெங்கால் கேலரியில் ஒரு பெரிய பதாகை விரிந்தது. ரத்தம் கொடுத்து வாங்கிய மண் இது, காகிதம் கொடுத்து வாங்கியதல்ல என்றது அது. ஆட்டத்தில் 2-1 என்று தோற்றார்கள். எட்டுத் தோல்விகளில் முதலாவது. ஆனால் அந்த நாளைப் பற்றி நாடு பேசியது பதாகையைத்தான்.

எட்டின் சங்கிலியை அறுத்தவர் ஒரு சென்னைக்காரர். 2023 ஆகஸ்ட் 12 அன்று டியூரண்ட் கோப்பை ஆட்டத்தில் நந்தகுமார் சேகர் அடித்த ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் வென்றது. 1,658 நாட்களுக்குப் பிறகு கிடைத்த டெர்பி வெற்றி. பாண்டவர்களுக்குப் பிறகு மறுபடி ஒரு தெற்கத்திக்காரர் தோளில் ஏறினார். மகிழ்ச்சி நீடித்தது 22 நாட்கள். அதே போட்டியின் இறுதி ஆட்டத்தில், பத்து பேராகக் குறைந்துவிட்ட மோகன் பகானிடம் 1-0 என்று தோல்வி. 2024 ஜனவரியில் புவனேஸ்வரத்தில் சூப்பர் கோப்பையை வென்றபோது, சரி, இனி ஏறுமுகம் என்று நினைத்தார்கள். அடுத்த ஐ.எஸ்.எல். பருவம் ஆறு தொடர் தோல்விகளோடு தொடங்கியது. ஏழாவது ஆட்டத்தில் முகமதன் ஸ்போர்ட்டிங்குக்கு எதிராக அரை மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து இரண்டு சிவப்பு அட்டை. அதில் ஒன்று நந்தகுமாருக்கே. மீதமிருந்த ஒன்பது பேர் ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்து 0-0 என்று முடித்தார்கள். அந்தப் பருவத்தின் முதல் புள்ளி அதுதான். பதினோரு பேராக ஆடி வாங்க முடியாததை ஒன்பது பேர் வாங்கிவிட்டார்கள்.

அதே 2024இல் ஆட்டமே நடக்காத ஒரு டெர்பியும் உண்டு. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டதை எதிர்த்து நகரம் கொதித்துக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 18 அன்று நடக்க வேண்டிய ஆட்டம், பாதுகாப்புக்குப் போலீஸ் போதாது என்று ரத்தானது. ரத்தான ஆட்டத்துக்கும் ரசிகர்கள் வந்தார்கள். சிவப்பு-மஞ்சள், பச்சை-அரக்கு, முகமதனின் கறுப்பு-வெள்ளை எல்லாம் ஸ்டேடியத்துக்கு வெளியே ஒன்றாக நின்று நீதி கேட்டன. ஆட்டத்துக்குப் போதாத போலீஸ் அன்று தடியடிக்குப் போதுமானதாக இருந்தது. மோகன் பகான் சட்டைக்காரர் தோளில் ஈஸ்ட் பெங்கால் சட்டைக்காரர் ஏறி நின்று முழங்கிய படம் நாடெங்கும் பரவியது. நூறு வருஷ வசவுகள் இவர்களை எவ்வளவு நெருக்கமாக்கி வைத்திருக்கின்றன என்று அவர்களுக்கே அன்றுதான் தெரிந்திருக்கும்.

தேசிய லீக் பட்டம் கடைசியில் 2025 ஏப்ரலில் வந்தது. கொண்டுவந்தவர்கள் பெண்கள். 21 ஆண்டுகளாக ஆண்கள் அணியை எதிர்பார்த்து மைதான் டென்டின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள், கோப்பை பக்கத்து வழியாக உள்ளே வந்ததைக் கண்டு முதலில் திகைத்து, பிறகு கொண்டாடினார்கள்.

ஆண்கள் அணி அந்த ஆண்டு என்ன செய்தது? ஆகஸ்ட் 17 அன்று டியூரண்ட் கோப்பைக் காலிறுதியில் மோகன் பகானை 2-1 என்று வென்றது. மழைக்காலம், இலிஷ் காலமும்கூட. மூன்று நாள் கழித்து அரையிறுதியில், தொடங்கி மூன்றே ஆண்டுகள் ஆன டயமண்ட் ஹார்பர் கிளப்பிடம் அதே 2-1 கணக்கில் தோற்று வெளியேறியது. வெற்றி கோலை அடித்தவர் ஜாபி ஜஸ்டின். முன்பு ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடியவர். 2019 ஜனவரியில், அந்த 1,658 நாள் காத்திருப்புக்கு முந்தைய கடைசி டெர்பி வெற்றியில் ஒரு கோல் அவருடையது.