கருமருந்து ரிவால்வர் வாங்கிய கதை

69 வயதில் ரிவால்வர் வாங்கியிருக்கிறேன் என்று சொன்னதும் கோயமுத்தூரிலிருந்து இரண்டு நண்பர்கள் போன் செய்துவிட்டார்கள். ஒருவர், "யார் மேலப்பா கோபம்?" என்றார். இன்னொருவர், ஒஹையோவில் அவ்வளவு திருட்டு பயமா என்று விசாரித்தார். கோபமும் இல்லை, பயமும் இல்லை. திருடன் வந்தால் இதில் மருந்து நிரப்பி முடிப்பதற்குள் அவன் காபி போட்டுக் குடித்துவிட்டுப் போய்விடுவான். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

இது தோட்டா போடுகிற ரிவால்வர் இல்லை. 170 வருஷத்துக்கு முந்தைய முறை. சிலிண்டரில் ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் முன்பக்கத்திலிருந்து கருமருந்தை அளந்து கொட்டி, அதன்மேல் உருண்டை ஈயக்குண்டை வைத்து, குழலுக்கு அடியில் இருக்கும் நெம்புகோலால் அழுத்த வேண்டும். பின்பக்கம் ஒவ்வொரு அறைக்கும் ஒரு நிப்பிள். அதில் சின்னச் செப்புத் தொப்பி ஒன்றை மாட்ட வேண்டும். தீபாவளிக்குப் பொட்டு வெடி வைத்துச் சுட்டோமே, அதே தத்துவம்தான். சுத்தி அடித்தால் தொப்பி வெடிக்கும். அந்தத் தீ நிப்பிளின் துளை வழியாக மருந்துக்குப் போகும். ஆறையும் சுட ஒரு நிமிஷம், மறுபடி நிரப்பப் பத்து நிமிஷம்.

இந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் வாங்கினேன். நாற்பது வருஷம் டூல் ரூமில் மைக்ரோமீட்டரும் கையுமாக நின்றவன். ரிடையர் ஆன பிறகு கைக்கு வேலை இல்லை. போதாக்குறைக்கு வலது கட்டை விரலின் அடி மூட்டு தேய்ந்துபோய், ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கவே வீட்டுக்காரியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. நுணுக்கமாக அளந்து, பொருத்தி, துடைத்து வைக்கிற வேலை ஏதாவது கைக்கு வேண்டியிருந்தது. கடிகாரம் ரிப்பேர் பார்க்கலாமே என்றான் மகன். கண் ஒத்துழைக்க வேண்டுமே.

கருமருந்து எனக்குப் புதிதும் இல்லை. ஆனைமலைப் பக்கம் மாமா தோட்டத்தில் காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. அதை இடிப்பதைப் பார்த்திருக்கிறேன், தொட விட்டதில்லை. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்து எரிகிற அந்த வாசனையை இங்கே பக்கத்து வீட்டுப் பெரியவரோடு முதல்முறை சுடும் மைதானத்துக்குப் போனபோது மறுபடி முகர்ந்தேன். அவருக்கு 78 வயது. முப்பது வருஷமாக இந்தப் பழைய துப்பாக்கிகளை மட்டுமே சுடுகிறவர். எங்கள் சின்சினாட்டியிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், இண்டியானா மாநிலத்தில், ஃபிரெண்ட்ஷிப் என்று ஒரு குட்டி ஊர் இருக்கிறது. 1933-இல் தொடங்கிய தேசிய மஸ்ஸில் லோடிங் சங்கத்தின் மைதானம் அங்கேதான். சிநேகம் என்று பெயர் வைத்த ஊரில் வருஷத்துக்கு இரண்டு முறை ஆயிரக்கணக்கான குண்டுகள் வெடிக்கின்றன.

சட்டம் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1968-இல் வந்த அமெரிக்க மத்திய அரசின் சட்டம், இந்த வகை நகல் துப்பாக்கியைப் பழம்பொருள் கணக்கில்தான் சேர்க்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். நம் ஊரில் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் யாரும் ஆசைப்பட வேண்டாம்.

வீட்டுச் சட்டம் இதைவிடக் கடினம். "ஏனுங்க, பேரன் பேத்தி வந்து போற வீட்டுல இதெல்லாம் எதுக்குங்க?" என்றாள். நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. துப்பாக்கி பூட்டிய இரும்பு அலமாரியில், சிலிண்டரைக் கழற்றி, காலியாக. மருந்து அதன் சொந்த டப்பாவில், வெளியே கொட்டகையில். தொப்பிகள் வேறொரு பெட்டியில், அந்தச் சாவி அவளிடம். மூன்றும் சுடும் மைதானத்தில் மட்டுமே ஒன்று சேரும். இப்படி எழுதியே கொடுத்தேன். படித்துவிட்டு, "சாவி எங்கிட்டத்தான் இருக்கோணும்" என்று மட்டும் சொன்னாள். இன்றும் சனிக்கிழமை காலையில் அவளிடம் கேட்டுத்தான் தொப்பி வாங்கிப் போகிறேன்.

எது வாங்குவது என்பதுதான் அடுத்த பாடு.

அசல் துப்பாக்கிகள் அருங்காட்சியகச் சரக்கு, விலையும் அப்படி. சுடுவதற்கு எல்லோரும் வாங்குவது நகல்கள்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கிய 1950-களின் கடைசியில் இத்தாலிக்காரர்கள் இவற்றைச் செய்யத் தொடங்கினார்கள். வடக்கு இத்தாலியில் கார்டோனே என்ற பள்ளத்தாக்கு ஊர். துப்பாக்கி செய்வதே அந்தப் பக்கத்தின் குலத்தொழில் மாதிரி. ஊபெர்டி, பியெட்டா இரண்டும் அந்தப் பக்கத்துக் கம்பெனிகள். கோயமுத்தூர் பட்டறைகளைத் தெரிந்தவனுக்கு அந்த ஊரைப் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை.

மாதிரிகள் பல இருந்தாலும் கடைசியில் எல்லோரும் வந்து நிற்பது இரண்டில்தான்: 1851 கோல்ட் நேவி அல்லது 1858 ரெமிங்டன். ஒரு சனிக்கிழமை பெரியவர் இரண்டையும் மேசைமேல் வைத்து, "அழகைப் பார்க்காதே, கையைக் கேள்" என்றார்.

அழகைப் பார்க்காமல் எப்படி? கோல்ட் நேவியைக் கையில் எடுத்தால் சுட்டுவிரலை நீட்டுவது போல அதுவாகவே நீளும். சிலிண்டரைச் சுற்றி ஒரு கடற்போர்ச் சித்திரம். 1843-இல் டெக்ஸஸ் கப்பல்படை மெக்ஸிகோவோடு மோதியது. நேவி என்ற பெயரே அதனால்தான். 1966-இல் வந்த 'தி குட், த பேட் அண்ட் தி அக்ளி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் வைத்திருப்பதும் நேவிதான், தோட்டா போடும்படி மாற்றியது. ஜெய்சங்கரின் 'கங்கா'வை விசில் அடித்துப் பார்த்த தலைமுறை நாம். மனசு அதன் பக்கம் சாயாமல் இருக்குமா?

ஆனால் சுட்டுப் பார்த்தால் சங்கதி வேறு. கோல்ட்டுக்குச் சிலிண்டரின் மேலே பட்டை கிடையாது, திறந்த மேனி. குழலைப் பிடித்து நிறுத்துவது குறுக்கே அடித்த ஒரு சிறிய ஆப்பு. வெடித்த தொப்பியின் துணுக்கு சுத்தியின் இடுக்கில் விழுந்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும். அதைத் தவிர்க்க, சுத்தியை இழுக்கும்போது பெரியவர் துப்பாக்கியின் மூக்கை வானம் பார்க்கத் தூக்குவார். துணுக்கு பின்னால் உதிர்ந்துவிடும். பார்க்க ஸ்டைலாகத்தான் இருக்கிறது. குறி பார்க்கும் பள்ளமோ சுத்தியின் தலையிலேயே ஒரு சின்ன வெட்டு. புரை ஆபரேஷன் ஆன என் கண்ணுக்கு அது ஆடி அடங்கிய நிழல் மாதிரிதான் தெரிந்தது. தவிர, அந்தக் காலத்தில் தூர இலக்குக்காக அமைத்த குறி என்பதால், 25 கெஜத்தில் குண்டு நாலைந்து அங்குலமாவது மேலே போகிறது.

ரெமிங்டன் அழகி இல்லை. நேர்கோடும் மூலையுமாக, பட்டறையில் பிறந்த முகம். 1858 என்பதுகூடக் குழலில் பொறித்த காப்புரிமைத் தேதிதான். இந்த 'நியூ மாடல்' தயாரானது 1863 முதல். சிலிண்டருக்கு மேலே முழு எஃகுப் பட்டை. அதில் நீளவாக்கில் அசையாத குறிப்பள்ளம். முன்னால் நிமிர்ந்த ஒரு தகடு. எனக்கு அது தெரிந்தது. பிடி சிறியது, பெரிய கைக்காரர்களின் நடுவிரல் கணுவை விசைக் காப்பு தட்டும் என்று குறை சொல்வார்கள். பெரியவருக்குத் தட்டியது. எனக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. குறையும் உண்டு: சிலிண்டர் சுழலும் ஊசியில் மருந்துக் கரி சீக்கிரம் படிந்து இறுகிவிடும். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை கழற்றித் துடைத்து கிரீஸ் தடவ வேண்டும். அதை நான் குறையாக நினைக்கவில்லை. அந்த மாதிரி வேலைக்குத்தானே வந்திருக்கிறேன்.

முடிவு செய்தது கண்கூட இல்லை, கட்டை விரல். ஈயக்குண்டு அறையைவிட ஒரு மயிரிழை பெரியதாக இருக்க வேண்டும். அழுத்தும்போது மெல்லிய ஈய வளையம் ஒன்று சீவிக்கொண்டு வெளியே வந்தால்தான் பொருத்தம் சரி. இல்லாவிட்டால் ஓர் அறையின் தீ பக்கத்து அறைக்குப் பாய்ந்து இரண்டு மூன்று ஒன்றாக வெடிக்கிற ஆபத்து உண்டு. அந்த வளையத்தைச் சீவும் அளவுக்கு நெம்புகோலை ஆறு முறை அழுத்தினேன். ராத்திரி விரலுக்கு ஐஸ் வைக்க வேண்டியதாயிற்று. ரெமிங்டனிலோ நெம்புகோலைத் தாழ்த்தி ஊசியை முன்னால் இழுத்தால் சிலிண்டர் தனியாகக் கையில் வந்துவிடும். அதை மேசைமேல் ஒரு சிறிய பிரஸ்ஸில் வைத்து, நீளக் கைப்பிடியால் அழுத்தலாம். முறுக்குப் பிழிகிற வேலையைவிடச் சுலபம். சிலிண்டரைத் துப்பாக்கியில் திரும்ப மாட்டி, குழல் இலக்கைப் பார்த்த பிறகுதான் தொப்பி. கோல்ட்டையும் ஆப்பைத் தட்டிக் கழற்றி இப்படிச் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் யார் ஆப்பு தட்டுவது?

இடையில் ஒரு சந்தையில் பித்தளைச் சட்டம் போட்ட பழைய நகல் ஒன்று பாதி விலைக்கு வந்தது. தங்கம் மாதிரி மின்னியது. சிலிண்டரைக் கழற்றி, பின்னால் அது முட்டும் இடத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். சிலிண்டரின் பற்கள் பித்தளையில் முத்திரை குத்தியது போலப் பதிந்திருந்தன. யாரோ முழு மருந்து போட்டு ஆசை தீரச் சுட்டிருக்கிறார்கள். பித்தளை கொஞ்சம் கொஞ்சமாக இழுபடும்; பிறகு எல்லாமே ஆடும். நிறைய சுட நினைப்பவர்கள் எஃகுச் சட்டத்தைத் தவிர வேறு எதையும் தொட வேண்டாம் என்பது என் கட்சி. அதே கடையில் 0.44 அங்குல '1851 நேவி'யும் இருந்தது. சரித்திரத்தில் அப்படி ஒன்று கிடையாது. அசல் நேவி 0.36. சுடும், ஆனால் வம்சாவளி கேட்கக்கூடாது.

கடைசியில் ஒரு கடையில் பியெட்டா ரெமிங்டன் மூன்று இருந்தன. எஃகுச் சட்டம், 0.44, எட்டு அங்குலக் குழல், எடை ஒன்றேகால் கிலோ இருக்கும். 0.36 போதாதா என்றால் போதும். ஆனால் காகிதத்தில் பெரிய ஓட்டை விழுந்தால் என் கண்ணுக்குத் தெரியும். கடைக்காரப் பையனிடம் அனுமதி கேட்டு மூன்றையும் சோதித்தேன். சுத்தியை மெதுவாக இழுத்தால் கடைசிச் சொடுக்கும் சிலிண்டர் பூட்டு விழுவதும் ஒன்றாக நடக்க வேண்டும். முதலாவதில் ஓர் அறைக்கு மட்டும் பூட்டு பிந்தியது. இரண்டாவதில் சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடியது. மூன்றாவதை எடுத்து, பையிலிருந்த ஃபீலர் கேஜை சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் விட்டேன். 6 தௌ. ஆறு அறைக்கும் அதே 6 தௌ. பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "இதையே கட்டு" என்றேன்.

முழு அளவு மருந்து என்றால் 30 கிரெய்ன் வரை போடுவார்கள். நான் 20 போடுகிறேன். விரலுக்கும் இதம், குறியும் நெருக்கமாக விழுகிறது. ஆனால் மருந்து குறைந்தால் குண்டு அறைக்குள் ஆழமாக இறங்கிவிடும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் வெற்றிடம் இருக்கவே கூடாது. அதற்கு மருந்தின்மேல் இட்டு நிரப்ப இங்கே பழைய கைகள் எல்லோரும் கோதுமை ரவை வைத்திருக்கிறார்கள்! பெரியவர் சொன்னபோது நான் நம்பவில்லை. அவர் டப்பாவைத் திறந்து காட்டினார்; நம் உப்புமா ரவைதான். இப்போது எங்கள் வீட்டில் ரவை இரண்டு டப்பாவில் இருக்கிறது, ஒன்றின்மேல் வீட்டுக்காரி சிவப்பு மையில் 'சுடறதுக்கு' என்று எழுதி ஒட்டியிருக்கிறாள்.

அறை ஆறு என்றாலும் ஐந்துதான் நிரப்புகிறேன்; சுத்தி காலி அறைமேல் உட்கார்ந்திருக்கும். முதல் நாள் 25 கெஜத்தில் ஐந்தில் நாலு காகிதத்தில் விழுந்தது. புகை விலகிய பிறகுதான் எண்ண முடிந்தது.

சுட்ட அன்றே கழுவ வேண்டும். மருந்துக் கரி ஈரத்தை உறிஞ்சி ஒரே ராத்திரியில் துரு ஏற்றிவிடும். கொல்லைப்புறத்தில் ஒரு வாளி வெந்நீர், கொஞ்சம் சோப்பு, ஒரு பழைய பல்துலக்கி. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அதனால் சமையலறைக்குள் அனுமதி இல்லை. நிப்பிள்கள் ஆறையும் கழற்றித் துளையில் ஊசி விட்டுப் பார்த்து, காயவைத்து, எண்ணெய் போட்டு, மறுபடி முடுக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. காலி நிப்பிள்மேல் சுத்தியை அடித்து விளையாடக்கூடாது, தலை நசுங்கிவிடும். பேரனிடமும் அதைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன். உதிரி நிப்பிள் ஒரு செட் ஆர்டர் செய்திருக்கிறேன், இன்னும் வரவில்லை. வரும் சனிக்கிழமை காற்று இல்லாவிட்டால் 50 கெஜத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார்.