அவர்களுடைய விஷயம்

பெரும்பான்மையின் கைக்கு வரம்பு வேண்டும் என்று காலமெல்லாம் பேசிவந்த நான், அந்த வரம்பு இன்னொரு மக்களுக்குத் தேவைப்பட்டபோது பேசாமல் இருந்துவிட்டேன். பயத்தால் அல்ல. எங்களுக்கு இதில் என்ன என்ற எண்ணத்தால்.

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் அரசியல் படித்த நாளிலிருந்து ஜேம்ஸ் மடிசன்மேல் எனக்குப் பெரும் பற்று. பெரும்பான்மை ஒரே நோக்கத்தில் திரண்டால் சிறுபான்மைக்குப் புகலிடம் இராது என்று 1787இலேயே அஞ்சியவர் அவர். அதனால்தான் அமெரிக்க அரசமைப்பில் அதிகாரம் காங்கிரஸின் இரண்டு சபைகளுக்கும் ஜனாதிபதிக்கும் நீதிமன்றத்துக்கும் பிரிந்து கிடக்கிறது. அதைத் திருத்த மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கின் சம்மதம் வேண்டும். அடிமை முறையை ஒழிக்காமல் விட்ட சாசனம் அது என்பதும் தெரியும். ஆனாலும் இலங்கைத் தமிழனுக்கு அந்த ஏற்பாடு ஏக்கம் தரும்.

எங்களுக்கும் சோல்பரி அரசமைப்பில் 29ஆம் பிரிவு என்றொரு காப்பு இருந்தது. அது இருக்கும்போதே, 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தால் சுமார் 7 லட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். வழக்கு லண்டன் கோமறைக் கழகம் வரை போய் 1953இல் தோற்றது. 1971இல் செனற் சபை போனது. 1972இல் 29ஆம் பிரிவும் போனது. நான் இப்போது வாழும் நியூசிலாந்தின் ஒக்லண்டில் தமிழர் கூடும் இடங்களில் இந்த வரலாற்றை நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

நின்று சொல்லிக்கொண்டிருந்த இந்த நாட்டின் அரசமைப்பை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. நியூசிலாந்தில் அரசமைப்பு என்று ஒரே நூல் கிடையாது. 1840இல் மாவோரித் தலைவர்களும் பிரித்தானிய முடியும் செய்த வைத்தாங்கி ஒப்பந்தம், 1986, 1990ஆம் ஆண்டுச் சட்டங்கள், நெடுநாள் மரபுகள், அவ்வளவுதான். மேல்சபையை 1950இலேயே கலைத்துவிட்டார்கள். பாராளுமன்றச் சட்டத்தை ரத்துச் செய்யும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை. 1982இல், 1924க்கும் 1948க்கும் இடையில் பிறந்த மேற்குச் சமோவா மக்கள் நியூசிலாந்துக் குடிமக்களே என்று அதே கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது. சில வாரங்களுக்குள் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி அந்தக் குடியுரிமையைப் பறித்தது. 1948ஐ மனப்பாடமாகச் சொல்லும் எனக்கு, நான் வாழும் நாட்டின் 1982 அப்போது தெரியாது.

2024 நவம்பரில் வைத்தாங்கி ஒப்பந்தக் கோட்பாடுகள் சட்டமூலம் வந்தது. அதன்படி, அந்த ஒப்பந்தத்தின் கோட்பாடுகள் எவை என்பதைப் பாராளுமன்றம் வரையறுக்கும். பிறகு பொதுமக்கள் வாக்கெடுப்பு உறுதிசெய்யும். மக்கள்தொகையில் மாவோரிகள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. எல்லோருக்கும் சம உரிமை என்ற சட்டமூலத்தின் வாசகம் எனக்குப் பிடித்தும் இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாங்கள் வரி கட்டுகிறோம், இவர்களுக்கு மட்டும் ஏன் தனி ஏற்பாடு என்று மனதின் ஒரு மூலையில் நானும் கேட்டேன். எங்களைப் பற்றி இலங்கையில் கேட்டதும் இதே கேள்விதான்.

வடமுனையிலிருந்து புறப்பட்ட மாவோரிகளின் பேரணி ஒக்லண்ட் துறைமுகப் பாலத்தைக் கடந்த நாளில், வேலைக்குப் பிந்திவிடுவேனே என்பதுதான் என் கவலை. சட்டமூலத்தை ஆராயும் பாராளுமன்றத் தெரிவுக்குழுவுக்கு யாரும் கருத்து எழுதலாம். சட்டத்தை நிறுத்த வேறு வேலி இல்லாத இந்த நாட்டில் அந்தக் கடிதங்களுக்குத்தான் பலம் அதிகம். மகள் கேட்டாள்: “அப்பா, நீங்களும் ஒண்டு எழுதி அனுப்புங்கோவன்.”

“அது அவையின்ர விஷயம், பிள்ளை. வந்த சனம் நாங்கள் ஏன் தலையிடுவான்?”

1948இல் வடக்கில் பலர் தோட்டத்துச் சனத்தைப் பற்றி நினைத்ததும் இப்படித்தான். அதைப் பொறுக்காமல் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து, 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார் செல்வநாயகம். அவரைப் புகழ்ந்து மேடையேறியவன் நான்.

2025 ஏப்ரல் 10இல் சட்டமூலம் 112க்கு 11 என்று தோற்றது. வந்த கருத்துகள் 3 லட்சத்துக்கும் மேல். மிகப் பெரும்பாலானவை எதிர்ப்பு. என்னுடையது அதில் இல்லை. மகள் அனுப்பியிருந்தாள். பிறகுதான் காட்டினாள். மலையகத் தமிழரின் வாக்குரிமை பறிபோனதைப் பற்றி அதில் ஒரு பந்தி இருந்தது. அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்.