பேறுகாலமும் டொர்னாடோ காலமும்

நார்மன், ஓக்லஹோமா

அன்புள்ள அக்காவுக்கு,

ஏப்ரல் கடைசியில் வருகிறீர்கள், மகளுக்குப் பேறுகாலம் பார்த்துவிட்டுத்தான் திரும்புவீர்கள் என்று கேட்டதும் மனம் குளிர்ந்தது. பிரசவ லேகியத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எழுத வந்தது வேறு. ஓக்லஹோமாவில் டொர்னாடோ அதிகம் வருவதும் நீங்கள் இங்கே இருக்கும் மே மாதத்தில்தான். பகலில் மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சியும் நீங்களும்தான்.

நம் ஊர்ப் புயல் நாள் கணக்கில் சொல்லிவிட்டு வரும். துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள், வானிலை மைய அதிகாரி டிவியில் வந்து விளக்குவார், மெழுகுவத்தி வாங்கித் தண்ணீர் பிடித்து வைக்க நேரம் இருக்கும். இங்கே எச்சரிக்கை வந்தபின் கிடைப்பது சராசரியாகப் பத்து நிமிடம், சற்று முன்பின். சில நேரம் அதுவும் இல்லை.

அதனால்தான் உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு வானிலை வானொலியை வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதில் பாட்டு வராது. அமெரிக்க வானிலைத் துறை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோபுரங்களிலிருந்து, 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஏழு அலைவரிசைகளில், இரவு பகலாக வானிலையை ஒலிபரப்புகிறது. பெட்டியில் நம் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், எண்ணைப் பதித்துவிட்டால் போதும். நார்மன் இருக்கும் கிளீவ்லண்ட் கவுண்டிக்கு 040027. அதன்பின் பெட்டி வாயைத் திறக்காது. இந்தக் கவுண்டிக்கு ஆபத்து என்றால் மட்டும் கரகரவென்று மூன்று முறை இரையும். அடுத்து, காதைத் துளைக்கும் ஒரே நீளச் சத்தம் பத்து நொடி வரை கேட்கும். எந்தத் தூக்கமும் கலைந்துவிடும். பிறகுதான் கணினிக் குரல் பேசும். மின்சாரம் போனாலும் பேட்டரியில் ஓடும், இன்டர்நெட்டும் வேண்டாம்.

ஃபோனில்தான் எச்சரிக்கை வருகிறதே என்று மாப்பிள்ளை கேட்டார். வரும். ஆனால் இரவில் ஃபோனை அணைத்துவிட்டு உறங்குபவர்கள் எத்தனை பேர்! தெருமுனைச் சங்கு வெளியில் நிற்பவர்களுக்காக வைத்தது, கதவடைத்துத் தூங்குபவர் காதுக்கு அது எட்டும் என்று நம்ப முடியாது.

2005 நவம்பர் 6, இந்தியானா மாநிலம் எவன்ஸ்வில். அதிகாலை இரண்டு மணி வாக்கில், ஊரே உறங்கும்போது டொர்னாடோ வந்தது. கொண்டுவந்து நிறுத்தும் மொபைல் வீடுகள் நிறைந்த ஒரே குடியிருப்பில் மட்டும் 20 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை விடுக்கப்பட்டுத்தான் இருந்தது, கேட்க யாரும் விழித்திருக்கவில்லை. அங்கே இரண்டு வயது மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் சட்டமன்றத்தின் கதவைத் தட்டினார். புதிதாக நிறுவும் மொபைல் வீடுகளில் வானிலை வானொலி இருந்தாக வேண்டும் என்று 2007இல் இந்தியானா சட்டம் போட்டது அவரால்தான். முப்பது நாற்பது டாலர் பெட்டி. எல்லா மாநிலமும் இதைச் செய்திருக்க வேண்டும் என்பேன்.

நம் பக்கத்து ஊர் மூர். 1999 மே 3 அன்றும் 2013 மே 20 அன்றும் அந்த ஊர் வழியே டொர்னாடோ போன தடத்தில் வீடுகள் தரைமட்டமாயின. 2013இல் ஒரு பள்ளியில் மட்டும் ஏழு பிள்ளைகள். அதை எழுதக் கை வரவில்லை.

என் கவலை வானொலியில் வரும் அந்தக் கணினிக் குரலைப் பற்றியது. அது பேசும் ஆங்கிலம் உங்களுக்குப் பிடிபடாமல் போகலாம். வசந்த காலத்தில் இங்கே பேறுகாலம் பார்க்க வரும் நம் அம்மாக்களிடம் யாரும் இதைச் சொல்வதில்லை. பயந்துவிடுவார்களாம். வீட்டில் தனியே விடப்படுகிறவர்களுக்கு விவரம் சொல்லாமல் இருப்பது எந்த விதத்தில் பாசம்? குரல் புரியாவிட்டால் என்ன, அந்தச் சத்தம் தெரிந்தால் போதும். பெரும்பாலும் புதன்கிழமை பகலில் சோதனை ஒலிபரப்பு உண்டு. வந்த முதல் புதனன்று உங்களோடு உட்கார்ந்து பெட்டியை இயக்கிக் காட்டுகிறேன்.

மற்ற நேரத்தில் அது கத்தினால் மகளைக் கூட்டிக்கொண்டு கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத குளியலறைக்குப் போய்விடுங்கள். குழந்தை பிறந்துவிட்டால் அதைக் காரில் மாட்டும் குழந்தை இருக்கையில் வைத்துப் பட்டி போட்டுத் தூக்கிச் செல்லுங்கள். மெத்தையை இழுத்துத் தலைமேல் போர்த்திக்கொள்ளலாம். அப்புறம், வெறும் செருப்போடு வந்துவிடாதீர்கள். காற்று போனபின் தரையெல்லாம் கண்ணாடியும் ஆணியுமாகக் கிடக்கும். கால் மூடும் ஷூ ஒரு ஜோடி வாங்கிக் கொண்டுவாருங்கள், அளவு பார்த்து.

அன்புடன்,
தங்கை