இரண்டு நிமிடத் தீர்ப்பு

2022ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நாள், மாலை வகுப்பு முடிந்ததும், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தன் கைத்தொலைபேசியை என் முன் நீட்டினான். எரிக் மரியா ரெமார்க் 1929இல் நூலாக வெளியிட்ட, ‘மேற்குப் போர்முனையில் புதிதாக ஒன்றுமில்லை’ எனப் பொருள்படும் பெயர்கொண்ட ஜேர்மன் நாவலை எட்வேட் பேர்கர் படமாக்கியிருந்தார். அதன் முன்னோட்டம் அது. மின்சாரமற்ற யுத்தகால யாழ்ப்பாணத்தில், இரவல் வாங்கிய அந்நாவலைக் குப்பி விளக்கொளியில் மூன்று இரவுகளிற் படித்து முடித்தவன் நான்.

வெடிகள், தீப்பிழம்பு, சேற்றில் ஓடும் கால்கள். இரண்டு நிமிடங்களில் எல்லாம் முடிந்தன. “போரை வெறுத்தவனின் புத்தகத்தைப் போர்க் காட்சியாக்கி விற்கிறார்கள். இதைப் பார்க்க வேண்டியதில்லை” என்று தீர்ப்புக் கூறினேன்.

“சேர் படத்தைப் பாத்திட்டீங்களோ?” என்று கேட்டான் அவன். அக்கேள்வியில் ஏளனம் இருக்கவில்லை. என்னிடம் விடையும் இருக்கவில்லை.

நாவலில் வரும் ஆசிரியர் கன்ரொறெக் நினைவுக்கு வந்தார். தாம் ஊரில் இருந்துகொண்டு, வகுப்பறையில் வீரவுரை நிகழ்த்தி, முழு வகுப்பையுமே படையிற் சேர்ப்பித்தவர் அவர். அறியாததைப் பற்றி நிச்சயத்தோடு பேசுவதே அவரது குற்றம். சிறிய அளவில் நானும் அதையே செய்திருந்தேன்.

இந்நாவல் முதன்முதலில் 1930இல் அமெரிக்காவிற் படமாயிற்று. அவ்வாண்டு டிசெம்பரில் பேர்லினில் அது திரையிடப்பட்டபோது, கோயபல்ஸின் தலைமையில் நாஜிகள் அரங்கினுள் நாற்றக் குண்டுகளை எறிந்து, எலிகளை அவிழ்த்துவிட்டனர். சில நாட்களிற் படம் தடைசெய்யப்பட்டது. பிறரையும் பார்க்கவிடாத தீர்ப்பு அது. என் வாக்கியம் அவ்வளவு கொடியதன்று. ஆயினும், ஆசிரியன் ஒருவன் “பார்க்க வேண்டியதில்லை” என்பது மாணவனுக்கு ஒரு தடையுத்தரவே அல்லவா?

ஆகவே படத்தைப் பார்த்தேன். தொடக்கத்திலேயே என் தீர்ப்புச் சாய்ந்தது. இறந்த சிப்பாயின் சீருடை கழற்றப்படுகிறது, துவைக்கப்படுகிறது, வரிசை வரிசையாகத் தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்த பெண்கள் அதன் கிழிசல்களைத் தைக்கிறார்கள், இறந்தவனின் பெயர்த்துண்டோடு, புதிதாகச் சேரும் போலின் கைக்கு அது வருகிறது. நாவலில் இல்லாத காட்சி இது. யுத்தம் ஓர் ஆலை, ஏழையின் மகன் அதன் மூலப்பொருள் என்பதைச் சொற்களின்றியே அது உணர்த்திவிட்டது.

குறைகளும் உள. விடுமுறையில் வீடு வரும் போல், தாயிடம் உண்மையைச் சொல்லமாட்டாது தவிக்கும் பகுதி படத்தில் இல்லை. நாவலில் அவன் 1918 ஒக்டோபரில், அமைதியான ஒரு நாளில் இறக்கிறான். படத்திலோ, போர்நிறுத்தத்துக்குச் சற்று முன்னர், ஒரு தளபதியின் வீம்பினால் நடக்கும் தாக்குதலில் இறக்கிறான். அறிக்கையிற் குறிப்பிடவும் தகுதியற்றதாகக் கருதப்பட்ட சாவு என்பதே நாவலின் உயிர்நாடி. அது இங்கே மங்கிவிட்டது.

ஆனால் இவற்றைப் பார்த்த பின்னர் சொல்கிறேன். முன்னோட்டம் என்பது ஒரு பண்டத்தின் விளம்பரம். விற்பவன் தேர்ந்தெடுத்த இரண்டு நிமிடங்கள். அதை மட்டும் கண்டு புகழ்பவனும் இகழ்பவனும் அந்த விற்பவனின் கணக்குக்குள்ளேயே நிற்கின்றனர்.

மறுவாரம் அம்மாணவனிடம், “நான் அன்று சொன்னது பிழை” என்றேன். நாவலை அவன் கையிற் கொடுத்து, “இதையும் படி, படத்தையும் பார். பிறகு வந்து என்னோடு சண்டை பிடி” என்றேன்.